நிறுவனங்களில் தரவு, தகவல், அறிவு மூன்றுக்கும் என்ன தொடர்பு?

இதற்குப் பெரும்பாலும் ஒரு கூம்புப் படம் போட்டுக் காட்டுவார்கள். அடியில் தரவு, அதைத் தொகுத்தால் தகவல், அதற்கும் மேலே அறிவு. 1989இல் ரஸ்ஸல் ஏக்காஃப் என்ற மேலாண்மை அறிஞர் எழுதியதிலிருந்து இந்த அடுக்கு பிரபலம். தப்பில்லை. ஆனால் படம் கீழிருந்து மேலே மட்டும்தான் போகிறது. நான் பார்த்தது வேறு.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு லாட்டுக்கும் துணி எடை, சாயம், உப்பு, சோடா, 60 டிகிரியில் எத்தனை நிமிடம், சோடா விட்ட பிறகு பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு) எவ்வளவு என்று எல்லாம் நோட்டில் ஏறும். பழைய டையிங் மாஸ்டர் வேலையை விட்டுப் போன இரண்டாம் மாதம், துணி திட்டுத் திட்டாக வர ஆரம்பித்தது. நோட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். அடர்ந்த ஷேடுகள் மட்டும்தான் கெடுகின்றன என்று தெரிந்தது. சரி, தகவல் கிடைத்துவிட்டது. காரணம்? ரெசிபியும் நிமிடக் கணக்கும் முன்பு போலவேதான் இருந்தன.

மாஸ்டருக்கே போன் போட்டோம். "சாயம் விடறதுக்கு முன்னாடி தண்ணிய விரல்ல தேச்சுப் பாத்தீங்களா?" என்றார்.

2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பிறகு, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்து, உப்புத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிறோம். சில நாள் அதில் காரம் மிச்சமிருக்கும். ரியாக்டிவ் சாயம் காரத்தைக் கண்டதும் பஞ்சு நூலைப் பிடித்துக்கொள்ளும். சோடா காரம்தான்; சாயம் துணி முழுக்கப் பரவட்டும் என்றுதான் அதைக் கடைசியில் விடுவது. தண்ணீரிலேயே காரம் இருந்தால் முதலில் தொட்ட இடத்தில் ஒட்டிவிடும். அடர்ந்த ஷேடுக்கு உப்பு அதிகம் வேண்டும், அதனால் அந்தத் தண்ணீரும் அதிகம். விரலில் வழவழப்புத் தெரிந்தால் காரம் இருக்கிறது என்று அர்த்தம்; அதை முறிக்க மாஸ்டர் கொஞ்சம் அசிட்டிக் ஆசிட் விடுவாராம். இத்தனை வருடமும் நோட்டில் இதற்கு ஒரு கட்டமே கிடையாது.

'சாயத்துக்கு முன் பிஎச்' என்று புதுக் கட்டம் போட்டோம். ஆக, எந்தத் தரவைச் சேர்க்க வேண்டும் என்பதையே அவருடைய அறிவுதான் சொன்னது. அதற்கு முன்னால் எவ்வளவு விலையுள்ள சாஃப்ட்வேர் வாங்கியிருந்தாலும் இல்லாத கட்டத்தை அது ஆராய்ந்திருக்காது.

ஜெராக்ஸ் நிறுவனம் 1990களில் 'யுரேகா' என்று ஓர் ஏற்பாடு செய்தது. மிஷின் ரிப்பேர் பார்ப்பவர்கள் தாங்கள் கண்டுபிடித்த உபாயங்களை எழுதிப் போடுவார்கள். சரிபார்த்து, எழுதியவர் பெயரோடே மற்றவர்களுக்குப் போகும். பெயர் இருந்ததால்தான் ஆர்வமாக எழுதினார்கள் என்பது என் எண்ணம்.

எங்கள் கட்டத்தின் மேல் யார் பெயரும் இல்லை. பிஎச் 9 என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு எவ்வளவு ஆசிட் என்று கேட்க இன்னும் மாஸ்டருக்குத்தான் போன் போகிறது.