பழைய டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1970களின் இறுதியில் தயாரான டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றி ஒலிக்கவைக்கும் கருவி) ஒன்று எனக்கு விலைக்கு வந்திருக்கிறது. புதிய பெல்ட் டிரைவ் கருவி ஒன்றுக்கு ஆகும் விலையைத்தான் கேட்கிறார்கள். இவ்வளவு வயதான பொருளை நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அதில் எந்தப் பகுதியை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதைப் பிரித்தறிந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பெல்ட் டிரைவில் வேகமாகச் சுழலும் சிறிய மோட்டார் ஒன்று ரப்பர் பட்டையின் வழியாகச் சுழல்தட்டை இழுக்கிறது. டைரக்ட் டிரைவில் நடுவில் எதுவும் இல்லை. மோட்டாரின் அச்சேதான் தட்டின் அச்சு என்பதால், தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றினால் மோட்டாரும் அதே நிதானத்தில்தான் சுற்றுகிறது. இந்த அமைப்பில் உலகின் முதல் டர்ன்டேபிளான டெக்னிக்ஸ் எஸ்பி-10 கருவியை மட்சுஷிடா (இன்றைய பானசோனிக்) நிறுவனம் 1970இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1972இல் எஸ்எல்-1200, 1979இல் குவார்ட்ஸ் கட்டுப்பாட்டுடன் (குவார்ட்ஸ் படிகத்தின் சீரான அதிர்வைக் கொண்டு வேகத்தைக் காக்கும் முறை) அதன் எம்கே2 வடிவம் என்று அந்த வரிசை வளர்ந்தது. டெனான், பயனியர், விக்டர், சோனி, யமஹா ஆகியவையும் அதே பாதையில் வந்தன. எம்கே2வின் வேகத் தள்ளாட்டம் 0.025 சதவீதம்தான் என்று அதன் கையேடு சொல்கிறது. பொத்தானை அழுத்திய 0.7 நொடியில் அது முழு வேகத்தைப் பிடித்துவிடும். நீண்டு ஒலிக்கும் பியானோ சுரத்தைக் கேட்டுப் பாருங்கள்; ஒலி அலையாமல் நிற்பதில்தான் இந்தக் கருவிகளின் அருமை தெரியும். அச்சு மெதுவாகச் சுழல்வதால், எண்ணெய் வற்றாமல் பார்த்துக்கொண்டால் பேரிங் எளிதில் தேயாது. இற்றுப்போக பெல்ட்டும் கிடையாது. வார்ப்பு அலுமினியத் தட்டும் கனத்த அடிப்பாகமும் நம் காலத்தையும் கடந்து உழைக்கும்.

ஆபத்து முழுவதும் மின்னணுப் பகுதியில் இருக்கிறது. வேகத்தை நொடிக்கு நொடி அளந்து திருத்தும் சர்க்யூட்டில் பல நிறுவனங்கள் இந்த வேலைக்கென்றே உருவாக்கிய ஐ.சி.களை (மின்னணுச் சில்லுகளை) பொருத்தின. அவற்றின் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. அப்படி ஒரு ஐ.சி. செயலிழந்தால், அதே மாதிரியில் பழுதான இன்னொரு கருவியைத் தேடிப்பிடித்து அதிலிருந்து கழற்றிப் போடுவதைத் தவிர பெரும்பாலும் வேறு வழியில்லை. எனவே, அபூர்வமான உயர்ரக மாதிரியைவிட, லட்சக்கணக்கில் விற்றுப்போன எளிய மாதிரியையே முதலில் வாங்குபவருக்குப் பரிந்துரைப்பேன். ஒலியில் நீங்கள் இழப்பது சிறிது. உதிரிபாகம் கிடைக்கும் நிம்மதியோ பெரிது.

பார்க்கப் போகும்போது குறைந்தது அரை மணி நேரம் ஓடவிடுங்கள். முன்பு நான் வாங்கிய கருவி ஒன்று முதல் இருபது நிமிடம் குறையின்றி ஓடியது. உள்ளே சூடேறியதும் தட்டு திடீரென வெறிபிடித்தாற்போல் வேகமெடுத்தது. அன்று ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தது என் தவறு. தட்டின் விளிம்பில் புள்ளி வரிசைகள் இருந்தால், ஸ்ட்ரோப் விளக்கின் (சீராக விட்டுவிட்டு மின்னும் விளக்கு) ஒளியில் உரிய வரிசை அசையாமல் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். அது ஊர்ந்தால் வேகம் பிசகுகிறது என்று பொருள்.

அடுத்து டோன் ஆர்ம், அதாவது ஊசியைத் தாங்கும் கை. அதன் பின்முனையில் உள்ள எதிர் எடையைத் திருப்பி, ஆர்ம் அந்தரத்தில் சமநிலையில் மிதக்கும்படி வையுங்கள். மெல்ல ஊதினால் அது தடையின்றி நகர வேண்டும். விரல் நுனியால் தொட்டு அசைத்தால் கடகடவென்ற ஆட்டம் இருக்கக்கூடாது. ஆர்மின் பேரிங் அடிபட்ட கருவியை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள கருவியின் வேகம் அவ்வப்போது தடுமாறுகிறது. எல்லாக் கெப்பாசிட்டர்களையும் (மின்தேக்கிகளையும்) மாற்றிவிடலாம் என்கிறார் பழுதுபார்ப்பவர். தேவையா?

பதில்: உடனே தேவையில்லை. பெரும்பாலும் முதல் குற்றவாளி, வேகத்தைத் திருத்தும் குமிழிலோ, சர்க்யூட் போர்டில் உள்ள சிறு டிரிம்மரிலோ (அளவைத் திருகிச் சரிசெய்யும் பாகம்) படிந்த அழுக்குதான். மின்தொடர்பைத் துலக்கும் திரவத்தைச் சில துளி விட்டு, குமிழை இருபுறமும் பலமுறை திருப்பிப் பாருங்கள். டிரிம்மரைத் தொடும் முன் அதன் நிலையைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அதற்கும் சரியாகவில்லை என்றால், விரிசல் விட்ட சால்டர் இணைப்புகளைத் தேட வேண்டும்.

கெப்பாசிட்டர்களின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது. எலெக்ட்ரோலிட்டிக் வகையினுள் இருக்கும் திரவம் காலப்போக்கில் உலர்ந்துவிடும், அல்லது கசிந்து போர்டின் செம்புத் தடங்களை அரித்துவிடும். மூடியைத் திறந்ததும் மீன் வாடை வீசினால் கசிவு இருக்கிறதென்று கொள்ளலாம். மாற்றும்போது மின்வழங்கிப் பகுதியில் தொடங்கி, சிலவற்றை மாற்றியதும் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தவற்றுக்குச் செல்லச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுக் கருவி ஓடாமல் நின்றால், பிழை எங்கே நேர்ந்ததென்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஃபிலிம் கெப்பாசிட்டர்கள் நன்றாக இருந்தால் அவற்றின் மேல் கைவைக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஜப்பானிலிருந்து ஒரு கருவியை வரவழைக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: அந்நாட்டு விற்பனைக்கென்று செய்தவை 100 வோல்ட்டில் இயங்குபவை. 220, 230 வோல்ட் உள்ள இடத்தில் நேராகச் சொருகினால் கருகிவிடும்; இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். குவார்ட்ஸ் கட்டுப்பாடு உள்ள கருவிக்கு 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் வேறுபாட்டால் வேகம் மாறாது.

மின்சாரத்தைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது பயணம். சுழல்தட்டை அச்சிலேயே விட்டு அனுப்பினால், வழியில் விழும் ஒவ்வொரு அடியும் பேரிங்கில் இறங்கும். தட்டையும் எதிர் எடையையும் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சிறு பாகம்) பொருத்திய முனையையும் கழற்றித் தனித்தனியே சுற்றி, ஆர்மை அதன் தாங்கியில் கட்டி அனுப்பும்படி விற்பவருக்கு எழுதுங்கள். பெட்டியை மூடும் முன் எடுத்த படம் ஒன்றையும் கேட்டு வாங்கிய பிறகே பணத்தை அனுப்புங்கள்.