மூன்று கிராஸ்ஓவர், மூன்று கருத்து: ஓட்டிப் பார்த்த பின் எழும் கேள்விகள்

கேள்வி: சிறிய கிராஸ்ஓவர் ஒன்று வாங்குவதற்காக இரண்டு வார காலத்தில் மூன்று வண்டிகளை ஓட்டிப் பார்த்தோம். முதல் வண்டியில் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜினும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸும் இருந்தன. இரண்டாவதில் டர்போ இல்லாத ஒன்றரை லிட்டர் இன்ஜினும், தனித்தனிக் கியர் படிகள் இல்லாத சிவிடி ஆட்டோமேட்டிக்கும். மூன்றாவதில் ஒன்றரை லிட்டர் டர்போ, டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக், 18 அங்குலச் சக்கரம். எனக்கு முதல் வண்டியின் பிக்கப் பிடித்துவிட்டது. என் மனைவி மூன்றாவதன் தோற்றத்தையும் பெரிய திரையையும் விரும்புகிறார். முழங்கால் வலியுள்ள என் தாயாரோ, இரண்டாவது வண்டியில்தான் சிரமமில்லாமல் ஏறி இறங்க முடிந்தது என்கிறார். பெரும்பாலும் நகரத்து நெரிசலில் ஓடும்; மாதம் ஒருமுறை நால்வராக நெடுந்தூரம் போவோம். எதை வாங்குவது?

பதில்: உங்கள் மூவரில் தாயாரின் சாட்சியத்துக்கே நான் முதல் மதிப்பைத் தருவேன். மூத்தவர் என்ற மரியாதைக்காக அன்று. வாங்கிய பிறகு எந்தப் பட்டறையிலும் மாற்ற முடியாத ஒன்றை அவர் மட்டும்தான் கவனித்திருக்கிறார். திரையையும் ஒலிபெருக்கியையும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம், டயரைக்கூட மாற்றிக்கொள்ளலாம். இருக்கையின் உயரம், கதவு திறக்கும் அகலம், முன்கண்ணாடியை ஒட்டிய முன்தூணின் தடிமன், கியர்பாக்ஸின் குணம் ஆகியவை வண்டி உள்ளவரை அப்படியேதான் இருக்கும். ஓட்டிப் பார்க்கும் அரை மணி நேரத்தை இந்த மாறாத விஷயங்களுக்கே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

கிராஸ்ஓவர் என்ற வகை தோன்றிய காரணமே இதற்குத் துணை நிற்கிறது. பழைய பாணி எஸ்யூவி, லாரியைப் போலத் தனிச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றிக் கட்டப்பட்டது. 1994இல் வந்த டொயோட்டா ராவ்4, அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஹோண்டா சிஆர்-வி போன்றவை, காரைப் போலச் சட்டமும் உடலும் ஒன்றாக இணைந்த கட்டமைப்பைச் சற்று உயர்த்திப் பயன்படுத்தின. இதனால் இருக்கை, நிற்பவரின் இடுப்பு உயரத்துக்கு அருகில் வந்தது. குனிந்து விழவும் வேண்டாம், ஏணியில் ஏறுவதுபோல் ஏறவும் வேண்டாம், பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும். இந்த வசதிக்காகத்தான் பலரும் சாதாரண காரை விட்டு இந்த வகைக்கு வருகிறார்கள். அதுவே சரியாக அமையாத கிராஸ்ஓவர், உயரமான கார் என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. முதல், மூன்றாம் வண்டிகளில் தாயாருக்கு எங்கே இடித்தது என்று கேளுங்கள்: கதவடிப் படியின் அகலமா, சரிந்து இறங்கும் கூரையா, பின்கதவு போதிய அளவு திறக்காததா? முன் இருக்கையில் அவருக்குச் சிரமமில்லை என்றால் பிரச்சினையின் அளவு குறையும்.

அடுத்தது கியர்பாக்ஸ். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி நெரிசல் என்பதால் இதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டார்க் கன்வர்ட்டர் வகையில் இன்ஜினுக்கும் கியர்களுக்கும் இடையே எண்ணெய் ஒன்று விசையைக் கடத்துவதால், நடை வேகத்தில் ஊர்ந்தாலும் உதறல் இராது. இரட்டை கிளட்ச் வகையில் அந்த எண்ணெய் இணைப்பு இல்லை. உள்ளே இருப்பவை உண்மையான கிளட்ச்சுகள், அவற்றைப் பிடித்து விடுவது மட்டும் கம்ப்யூட்டர். வேகமெடுத்த பின் அதன் கியர் மாற்றம் மிக விரைவானது, உங்களை மயக்கிய பிக்கப்பில் அதற்கும் பங்குண்டு. ஆனால் ஓரடி நகர்ந்து நின்று மீண்டும் ஓரடி நகரும் நிலையில் கிளட்ச் அரைகுறையாக உரசிக்கொண்டே இருக்கும். சில வண்டிகளில் சிறு தயக்கமாகவும் வெட்டாகவும் அது தெரியும், எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் உள்ளவற்றில் சூடும் ஏறும். சிவிடியின் குறை வேறு. ஆக்சிலரேட்டரை ஆழ மிதித்தால் முதலில் சத்தம் ஏறும், வேகம் அதன் பின்னால் வரும். மென்மையாக மிதிப்பவருக்கு நெரிசலில் அதைவிட இதமானது இல்லை. பொறுமையில்லாதவருக்கு அதுவே தினசரி எரிச்சல்.

ஆகவே முதல் வண்டியை மறுபடி கேட்டு வாங்கி, காலியான சாலையைத் தவிர்த்து, நெரிசல் நேரத்தில் பத்து நிமிடம் ஊர்ந்து செல்லுங்கள். ஒரு சரிவில் நிறுத்தி, பின்னோக்கி மேலேற்றிப் பாருங்கள். விற்பனையாளர் காட்டும் பாதை எப்போதும் வண்டிக்குச் சாதகமான பாதையாகத்தான் இருக்கும். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது, பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் நீங்கள்.

பிக்கப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆக்சிலரேட்டரின் முதல் அங்குலத்திலேயே வண்டி துள்ளும்படி அமைத்துவிட்டால் ஓட்டுபவருக்குச் சக்தி அதிகம் போலத் தோன்றும். உண்மையான வலு, நால்வரும் பைகளும் ஏறி, ஏ.சி. ஓடும்போது, ஒரு லாரியை முந்த வேண்டிய இடத்தில்தான் தெரியும். அந்நிலையில், நடு வேகத்திலேயே இழுவை தரும் டர்போ இன்ஜின்களுக்கு நியாயமான சாதகம் உண்டு. டர்போ இல்லாததை உயர்ந்த சுழற்சிக்குக் கொண்டுபோய்த்தான் வேலை வாங்க முடியும். மாதம் ஒருமுறை என்பதால் உங்களுக்கு இது தீர்மானிக்கும் காரணமாக இராது என்றாலும், இரண்டாவது வண்டியில் நால்வரும் ஏறி ஒரு மேம்பாலத்தையாவது கடந்து பாருங்கள்.

மூன்றாவது வண்டியின் 18 அங்குலச் சக்கரம் அழகுதான். ஒரே வண்டிக்குக் கீழ்நிலை மாடலில் 215/65 ஆர்16 டயரும் மேல்நிலை மாடலில் 215/55 ஆர்18 டயரும் வருவதாகக் கொள்வோம். முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், கடைசி எண் அங்குலத்தில் சக்கரத்தின் விட்டம்; இடையிலுள்ள எண், டயரின் அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை விழுக்காடு உயரம் என்பதைக் குறிப்பது. கணக்கிட்டால் முதலாவதில் பக்கச்சுவர் சுமார் 140 மில்லிமீட்டர், இரண்டாவதில் 118. வெளிவிட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் வண்டி உயர்ந்துவிடுவதில்லை. பள்ளத்தின் அடியைத் தாங்க வேண்டிய ரப்பரும் காற்றும் 22 மில்லிமீட்டர் குறைந்துவிடுகின்றன, அவ்வளவுதான். உயரமான வண்டி வளைவில் சாயாமல் இருப்பதற்காக இந்த வகையில் சஸ்பென்ஷனையும் சற்று இறுக்கமாகவே அமைப்பார்கள். இரண்டும் சேரும்போது பின் இருக்கையில் இருப்பவருக்குத்தான் வலி. ஆகவே நீங்களும் ஒருமுறை பின்னால் உட்கார்ந்து வாருங்கள். கிளம்புமுன் டயரின் காற்றழுத்தத்தை, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது. காற்று கூடுதலாக இருந்தால் நல்ல சஸ்பென்ஷனும் கெட்ட பெயர் வாங்கும்.

இரண்டு வார இடைவெளியில் ஓட்டியதுதான் உங்கள் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். முதலில் ஓட்டியது நினைவில் மங்கி, கடைசியில் ஓட்டியது மேலோங்கி நிற்கும். முடிந்தால் மூன்றையும் ஒரே நாளில், ஒரே சாலையில், அதே நால்வருடன், முன்பு ஓட்டியதற்குத் தலைகீழான வரிசையில் ஓட்டுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் இறங்கியவுடன், அடுத்ததில் ஏறுமுன், ஆளுக்கு நான்கு வரி எழுதுங்கள். இருக்கையில் குறைந்தது அரை மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மாலை வேளையில் கால் மணி நேரம் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கிய வண்டியில், ஹெட்ரெஸ்ட் என் கழுத்தை முன்னே தள்ளுவதை முதல் நெடும்பயணத்தில்தான் கண்டேன். அதை விற்கும்வரை ஒரு சிறு தலையணையை முதுகுக்கு வைத்து ஓட்டினேன்.

இத்தனைக்கும் பிறகு என் தீர்ப்பு வேண்டுமென்றால்: நீங்கள் தந்த விவரங்களின்படி இரண்டாவது வண்டி முன்னணியில் இருக்கிறது. நால்வருடன் ஏற்றத்தில் அது திணறினால், மூன்றாவதைச் சிறிய சக்கரமுள்ள மாடலில், தாயாரை ஏற்றி இறக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதலாவது, நெரிசல் சோதனையில் உதறாமல் வந்தால் மட்டுமே போட்டியில் நீடிக்கும்.

கேள்வி: நான் ஒப்பிடும் இரண்டு வண்டிகளில் ஒன்றின் டிக்கி 430 லிட்டர், மற்றொன்று 390 லிட்டர் என்று போட்டிருக்கிறது. ஆனால் 390 லிட்டர் வண்டியில்தான் எங்கள் குழந்தையின் தள்ளுவண்டி எளிதாக நுழைந்தது. எண் பொய்யா?

பதில்: பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியில் உருவான விடிஏ முறையில், 200 × 100 × 50 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு லிட்டர் கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி எண்ணுவார்கள். மூலை முடுக்குகளிலும் தரைப்பலகைக்கு அடியிலும் கட்டை நுழையும், தள்ளுவண்டி நுழையாது. சிலர் ஜன்னல் விளிம்புவரை அளக்கிறார்கள், சிலர் கூரைவரை அளந்த எண்ணை முன்னிறுத்துகிறார்கள். எனவே வாயிலின் அகலம், சக்கர வளைவுகளுக்கு இடையேயான அகலம், பொருளைத் தூக்கி வைக்க வேண்டிய விளிம்பின் உயரம் ஆகியவற்றை அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். தள்ளுவண்டியை எடுத்துச் சென்றது நல்ல யோசனை. குழந்தை இருக்கையையும் கையோடு கொண்டுபோய், அதற்கென வண்டியின் இருக்கையிலேயே உள்ள ஐசோஃபிக்ஸ் கொக்கிகளில் மாட்டிப் பாருங்கள். அதை மாட்டிய பின் முன் இருக்கையை எவ்வளவு முன்னே தள்ள வேண்டியிருக்கிறது என்பது எந்த விவரப் பட்டியலிலும் இராது.

கேள்வி: நான்கு சக்கர இயக்கம் உள்ள மாடல் பாதுகாப்பானது என்று விற்பனையாளர் வற்புறுத்துகிறார். தேவையா?

பதில்: சேற்றிலோ பனியிலோ வழுக்கும் ஏற்றத்திலோ வண்டியை நகர்த்த அது உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது, சாலையைப் பற்றுவது டயர் மட்டுமே. சிறிய கிராஸ்ஓவர்களில் பெரும்பாலும் முன்சக்கரம் வழுக்கும்போது மட்டும் பின்சக்கரத்துக்கு விசை போகும். அந்த உறுப்புகளின் எடையை எப்போதும் சுமந்து, அதற்கான எரிபொருளையும் எப்போதும் எரிக்க வேண்டும். நான்கு டயர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும் என்பதால், ஒன்று கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவதும் சிக்கலாகலாம். தார்ச்சாலையிலேயே ஓட்டுபவர் அந்தப் பணத்தை நல்ல டயருக்குச் செலவிடலாம்.

கேள்வி: மோதல் சோதனையில் ஒரு வண்டிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து நட்சத்திரம், மற்றொன்றுக்கு அண்மையில் நான்கு. ஓட்டும்போது இரண்டும் உறுதியாகவே தோன்றின. ஐந்தைத் தேர்ந்தெடுப்பதுதானே முறை?

பதில்: நட்சத்திரத்தோடு ஆண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வண்டிகளைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப், 1997இல் முதல் முடிவுகளை வெளியிட்டது முதல் தன் விதிகளைக் காலந்தோறும் கடுமையாக்கி வருகிறது. 2005இல் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்ற ஃபியட் புன்ட்டோ, 2017இல் மறுபடி சோதிக்கப்பட்டபோது ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. வண்டி பெரிதாக மாறவில்லை, வினாத்தாள் மாறிவிட்டது. மோதல் சோதனை முடிவுகளை ஏறக்குறைய ஒரே எடையுள்ள வண்டிகளுக்கிடையில்தான் ஒப்பிடவும் வேண்டும். கதவு ‘டப்’ என்று கனமாக மூடுவதை வைத்து உறுதியை அளப்பது பலருக்கும் உள்ள பழக்கம். அந்த ஓசையை ரப்பர் பட்டையாலும் பூட்டின் அமைப்பாலும் வரவழைக்க முடியும்.

ஓட்டிப் பார்க்கையில் உங்களால் சோதிக்க முடிந்த பாதுகாப்பு ஒன்று உண்டு. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஏ.சி.யின் குளிரை மாற்றவும் கண்ணாடியின் மங்கலைப் போக்கவும் முடிகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் புதைத்த வண்டிகளில் இது கடினம். யூரோ என்கேப் அமைப்பும் 2026 முதல், திருப்ப விளக்கு, ஹாரன், வைப்பர் போன்ற அடிப்படைப் பணிகளுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருப்பதை மதிப்பீட்டில் கணக்கில் கொள்கிறது.

கேள்வி: ஷோரூமில் எல்லோரும் ஓட்டிப் பார்த்த வண்டியையே தள்ளுபடியில் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தள்ளுபடி கணிசமாக இருந்தால் வாங்கலாம். ஆனால் அது குறைந்த தூரம் ஓடியிருந்தாலும் கடுமையாக ஓடிய வண்டி என்பதை மறக்க வேண்டாம்: இன்ஜின் சூடாகுமுன் மிதிக்கப்பட்டது, பழகாத பல கால்கள் பிரேக்கைச் சோதித்தது. இரட்டை கிளட்ச் மாடல் என்றால் நான் தவிர்ப்பேன். மற்றவற்றில் பிரேக் பட்டைகளின் தேய்மானம், சக்கர விளிம்பின் கீறல், முந்தைய சர்வீஸ் பதிவு ஆகியவற்றைப் பாருங்கள். உத்தரவாதக் காலம் உங்கள் பெயருக்கு மாறும் நாளிலிருந்து தொடங்குகிறதா, வண்டி முதலில் பதிவான நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியின் வயதில் ஐயம் இருந்தால் டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றிருந்தால் அந்த டயர் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது.