மேசையும் இயந்திரமும் சேர்ந்த வேலைக்கு எப்படி உடுத்துவது?

முற்பகலில் கணினி முன் அமர்ந்து அறிக்கை எழுதி, பிற்பகலில் இயந்திரக் கூடத்தில் நிற்க வேண்டிய பராமரிப்புப் பிரிவு வேலையில் சேரவிருக்கும் உங்கள் மகளுக்கு எத்தகைய உடை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதையெல்லாம் கேட்கலாமா என்று தயங்கியதாகவும் எழுதியிருந்தீர்கள். தயங்க வேண்டியதே இல்லை. இவ்வகை வேலையில் உடை, தோற்றத்தோடு பாதுகாப்பையும் சார்ந்தது.

அலுவலக உடையை வாங்கிவிட்டு, அது கூடத்திலும் தாங்கும் என்று நம்ப வேண்டாம். நாளின் மிகக் கடினமான ஒரு மணி நேரத்தை மனத்தில் வைத்து உடையைத் தேர்ந்தெடுத்தால், சரியான அளவும் தூய்மையும் அதை மேசைக்கும் பொருத்தமாக்கிவிடும்.

முதலில் காலணியை வாங்குங்கள். பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். ஐ.எஸ்.ஓ. 20345 என்ற பன்னாட்டுத் தரத்துக்கு உட்பட்ட பாதுகாப்புக் காலணியின் முன்பகுதி 200 ஜூல் மோதலைத் தாங்குமாறு சோதிக்கப்படுகிறது. ஏறக்குறைய 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு அது சமம். கறுப்புத் தோலில், சாதாரண அலுவலகக் காலணி போலவே தோன்றும் வகைகளும் கிடைக்கின்றன. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால், அந்த நேரத்தில், வேலைக்கு அணியும் காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

துணியைப் பொறுத்தவரை, பாலியெஸ்டர் கலந்தது எளிதில் கசங்காது, விரைவில் உலரும். ஆனால் வெல்டிங் தீப்பொறியோ கடும் வெப்பமோ உள்ள இடத்தில் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அங்கே கனமான பருத்தித் துணியோ, நிறுவனம் தரும் தீத்தடுப்பு உடையோதான் வேண்டும். கருநீலமும் அடர்சாம்பலும் கிரீஸ் கறையை அவ்வளவாகக் காட்டாது. கால்சட்டையை நின்று பார்த்து மட்டும் வாங்காமல், குந்தி அமர்ந்தும் கையை மேலே தூக்கியும் பார்க்கச் சொல்லுங்கள்.

சுழலும் இயந்திரத்தின் அருகே தொங்குவது எதுவும் ஆபத்து. தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, அடையாள அட்டைக் கயிறு, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை ஒரு நொடியில் சிக்கிக்கொள்ளும். மோதிரம் விரலையே பறித்துவிடக்கூடும். மின்பலகையைத் திறக்கும்போது உலோகக் கடிகாரமும் கையில் இருக்கக் கூடாது. இவற்றை வைக்க மேசையில் ஒரு சிறு பெட்டி இருக்கட்டும்.

அலுவலக அலமாரியில் தேய்த்த சட்டை ஒன்றும் ஈரத்துணியும் எப்போதும் இருந்தால், திடீரென்று கூட்டத்துக்கு அழைத்தாலும் அவர் பதறமாட்டார். கிரீஸ் பட்ட உடையை மற்றவற்றோடு சேர்த்துத் துவைக்காமல், கறையில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்துச் சற்று ஊறவிட்டுத் தனியே துவைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, சீருடையும் காலணியும் நிறுவனமே தருகிறதா என்று மனிதவளப் பிரிவிடம் அவர் கேட்டுக்கொள்ளட்டும். இப்போதைக்கு இரண்டு செட் மட்டும் வாங்குங்கள்; கூடத்தில் எவ்வளவு நேரம் நிற்க நேரிடுகிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும், மீதியை அவரே பார்த்து வாங்கிக்கொள்வார்.