டர்போ டீசல் படகு எஞ்சினுக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் பாகம், எப்படித் தேர்ந்தெடுப்பது? அதற்குப் பதில் ஸ்டெயின்லெஸ் குழாய்களால் ஆன ஹெடர் போட்டால் பவர் ஏறுமா?

ஏறும், ஆனால் சொற்பம். பெட்ரோல் எஞ்சினில் சம நீளக் குழாய்கள் தரும் பலனை டர்போ டீசலில் எதிர்பார்க்க வேண்டாம். நடுவில் டர்பைன் (புகையின் வேகத்தில் சுழலும் டர்போ சக்கரம்) உட்கார்ந்திருப்பதால், குழாய் நீளத்தால் அழுத்த அலைகளைப் பயன்படுத்தும் கணக்கெல்லாம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. டர்பைனுக்குத் தேவை இரண்டுதான்: வால்விலிருந்து வரும் அழுத்தத் துடிப்பு மழுங்காமல் வர வேண்டும், சூடு வழியில் வீணாகக் கூடாது. குழாய் நீண்டால் உள் கொள்ளளவு கூடும், துடிப்பு கரையும், டர்போ தாமதமாக விழிக்கும். படகுக்கு இது முக்கியம். ப்ரொப்பெல்லர் இழுக்கும் பவர் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால் நிதானமாக ஓடும்போது எஞ்சினுக்குச் சுமையே தெரியாது. ஆனால் படகு முகப்பைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் மேல் ஏறும் அந்தச் சில நொடிகளில், குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே பூஸ்ட் (டர்போ திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம்) கேட்கும். மேனிஃபோல்டின் தரம் தெரிவது அப்போதுதான்.

ஆறு சிலிண்டர் எஞ்சின், எரிப்பு வரிசை 1-5-3-6-2-4 என்றால் 1, 2, 3 ஒரு கிளை. 4, 5, 6 இன்னொரு கிளை. இப்படிப் பிரித்தால் ஒவ்வொரு கிளையிலும் துடிப்புகள் கிராங்க் சுழற்சியில் 240 டிகிரி இடைவெளியில் வரும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. டர்பைன் ஹவுசிங்கும் இரட்டை நுழைவாயாக இருக்க வேண்டும்; நடுச்சுவர் மேனிஃபோல்டு ஃபிளேஞ்சிலிருந்து (போல்ட் மாட்டும் விளிம்புத் தகடு) ஹவுசிங் வரை இடைவெளி விடாமல் தொடர வேண்டும். பிரித்த மேனிஃபோல்டை ஒற்றை வாய் டர்போவில் மாட்டுவது காசுக்குக் கேடு.

அடுத்த முடிவு: தண்ணீர்ச் சட்டை (குளிர்விக்கும் தண்ணீர் சுற்றிவரும் வெளிச்சுவர்) உள்ளதா, அது இல்லாத உலர்ந்ததா? நன்னீர் கூலன்ட் சுற்றும் வார்ப்பு மேனிஃபோல்டுதான் பெரும்பாலான படகுகளுக்கு என் பரிந்துரை. எஞ்சின் அறை சூடாகாது, தீ அபாயம் குறைவு. பதிலுக்கு வாயுவின் சூட்டில் ஒரு பங்கு கூலன்டுக்குப் போகும். டர்பைன் அதற்கேற்றதாக இருக்க வேண்டும், கூலன்டின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கும் சுமை கூடும். எனவே உலர்ந்த மேனிஃபோல்டு எஞ்சினுக்குத் தண்ணீர்ச் சட்டை போடுபவர்கள் எக்ஸ்சேஞ்சரின் திறனைச் சரிபார்க்காமல் இறங்கினால், முழுச் சுமையில் டெம்பரேச்சர் ஊசி மெல்ல ஏறுவதைப் பார்ப்பார்கள். மாறாக, தண்ணீர்ச் சட்டையைக் கழற்றிவிட்டு உலர்ந்ததைப் போட்டு அதே டர்போவை விட்டுவைத்தால் பூஸ்ட் அளவு மீறலாம், டர்போ அதிவேகத்தில் சுழலலாம்.

கடல்நீரை நேராக மேனிஃபோல்டுக்குள் விடும் அமைப்பைத் தவிருங்கள். சூட்டில் உப்பு படிந்து வழி அடைபடும், உலோகம் உள்ளிருந்து அரிக்கும். அலுமினியம் என்றால் இன்னும் வேகம். ஓட்டை விழுந்தால் தண்ணீர் இரண்டு பக்கம் போகும்: டர்பைனுக்கு, அல்லது திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியே சிலிண்டருக்கு. சிலிண்டரில் தண்ணீர் நின்ற நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். கூலன்ட் சட்டையில் இன்னொரு கண்ணி உண்டு. அதன் மிக உயர்ந்த இடத்திலிருந்து ஹெடர் டேங்குக்கு (கூலன்டின் மேல் தொட்டி) காற்று வெளியேறும் குழாய் இல்லாவிட்டால் அங்கே நீராவி தங்கி, அந்த இடத்தில் வார்ப்பு விரிசல் விடும். பழைய மேனிஃபோல்டு வாங்கினால் சட்டையின் வாய்களை அடைத்து, 2 பார் அளவில் காற்று கொடுத்து, வெந்நீரில் மூழ்கவைத்துப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொள்ளும் விரிசல் சூட்டில்தான் குமிழி விடும்.

உலர்ந்த மேனிஃபோல்டு என்று முடிவானால் வெப்பம் தடுக்கும் உறை கட்டாயம். கப்பல்களுக்கான சோலாஸ் விதி, எரிபொருள் கசிந்து படக்கூடிய இடத்தில் 220 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும் பரப்பை மூடச் சொல்கிறது. சிறு படகுக்கு அந்த விதி பொருந்தாவிட்டாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மேல்தோல் எண்ணெய் உறிஞ்சாத, கழற்றி மாட்டக்கூடிய உறைதான் வேண்டும். எண்ணெய் ஊறிய உறை, உறையே இல்லாததைவிட ஆபத்து. குழாயின் மேல் சுற்றும் வெப்பத்தடுப்பு நாடா ஈரத்தைப் பிடித்துவைக்கும், கடலில் அது வேண்டாம்.

உறை போட்டதும் உலோகத்தின் சூடு வாயுவின் சூட்டை நெருங்கிவிடும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. டர்பைனுக்கு முன் 600, 700 டிகிரி போகும் எஞ்சினில் சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பு தாங்காது. 550க்கு மேல் தொடர்ந்து நின்றால் உருமாறி, செதிலடித்து, விரியும். சிலிக்கன் 4 சதவீதத்தைத் தொட்டு, மாலிப்டினமும் சேர்ந்த டக்டைல் வார்ப்பிரும்பு சுமார் 800 வரை நிற்கும். நியாயமான தேர்வு அதுதான். குழாயை வெட்டி வெல்டிங் செய்வதானால் 321 அல்லது 347 ரக ஸ்டெயின்லெஸ், சுவர் கனம் 3 மி.மீ. அளவில், உள்பக்கம் ஆர்கான் வாயு விட்டு வெல்டிங். 304 ரகம் இந்தச் சூட்டில் நெடுநேரம் இருந்தால் உலோகத்தின் நுண்மணிகள் சேரும் எல்லைகளில் குரோமியம் கார்பைடு பிரிந்து அரிப்புக்கு வாய் திறக்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

விரிவுக் கணக்கு போட்டே ஆக வேண்டும். ஒரு மீட்டர் நீள 321 குழாய் 600 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 11 மி.மீ. நீளும். அதே நீள வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட் ஒரு மி.மீ. கூட நீளாது. இந்த இழுபறியை எதுவும் வாங்கிக்கொள்ளாவிட்டால் முதல் சிலிண்டர், கடைசி சிலிண்டர் ஸ்டட்கள்தான் (மேனிஃபோல்டைப் பிடிக்கும் இழைத் தண்டுகள்) முதலில் முறியும். ஆகவே மேனிஃபோல்டு துண்டு துண்டாக, இடையில் நழுவும் இணைப்புடனோ பெல்லோஸுடனோ (மடிப்புள்ள நெளிகுழாய்) இருக்கட்டும். ஒரே நீள ஃபிளேஞ்ச் வந்தால் போர்ட்டுகளுக்கு நடுவே அறுத்துவிடுங்கள். நடு ஓட்டைகள் இறுக்கமாகவும் ஓரத்து ஓட்டைகள் நீள்வட்டமாகவும் இருக்கட்டும். முறுக்கும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் முழு டார்க் (முறுக்கும் விசை). இழைகளில் நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸ் (சூட்டில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) பூசுங்கள். பூசினால் தேவைப்படும் டார்க் குறையும், கையேட்டு எண் உலர்ந்த இழைக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டர்போவின் எடையை மேனிஃபோல்டு மட்டும் சுமக்கக் கூடாது. எஞ்சின் பிளாக்கிலிருந்து பிராக்கெட் கொடுங்கள், படகின் உடலிலிருந்து அல்ல. டர்போவுக்குப் பின்னால் வரும் பெல்லோஸை முறுக்கிப் பொருத்தாதீர்கள். வளைவைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது.

டர்போவுக்குப் பிறகு குழாய் மேலேறி, சுமையேற்றிய நீர்மட்டத்துக்குக் குறைந்தது 30 செ.மீ. மேலே உச்சி தொட்டு, கீழிறங்கும் பக்கத்தில்தான் புகையைக் குளிர்விக்கும் கடல்நீர் கலக்க வேண்டும். புகை வெளியேறுவதைத் தடுக்கும் பின்னழுத்தத்தை முழுச் சுமையில், டர்பைன் வெளிவாயை அடுத்த நேர்க்குழாயில் அளக்கலாம். முதல் அரை மீட்டர் செம்புக் குழாய், அப்புறம் பிளாஸ்டிக் யு-குழாயில் தண்ணீர். இரு மட்டங்களின் வித்தியாசம் 102 செ.மீ. என்றால் 10 கிலோபாஸ்கல். பல டர்போ எஞ்சின்களின் எல்லை அதற்குள்தான், சிலவற்றுக்கு 7 கூட. அதைத் தாண்டினால் மேனிஃபோல்டை மாற்றுவதில் பயனில்லை, மஃப்ளரையும் வளைவுகளையும் பாருங்கள்.