அறுவை சிகிச்சைத் துறை நன்றாக நடக்கிறதா, லாபத்தில் இருக்கிறதா என்று எப்படிக் கணிப்பது?

கேள்வி கேட்டவரிடம் துறையின் ஆண்டு வருமானமும் ஆபரேஷன்களின் எண்ணிக்கையும் இருக்கின்றன. இரண்டும் போன ஆண்டைவிடக் கூடியிருக்கிறதாம், அப்படியென்றால் துறை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா என்கிறார். நான் மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் இருப்பவன். அந்த இரண்டை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில் பில் தொகையை ஓரமாக வையுங்கள். இன்சூரன்ஸ் வெட்டியது போகக் கைக்கு வந்தது எவ்வளவு என்று பாருங்கள். அதிலிருந்து, அந்த ஆபரேஷன் நடக்காவிட்டால் ஆகியிருக்காத செலவுகளைக் கழியுங்கள்: இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் செயற்கை மூட்டு, தகடு போன்றவை), தையல் நூல், மருந்து, ஒருமுறை மட்டும் பயன்படும் கருவிகள். மூட்டு மாற்று சிகிச்சையின் பில் பெரிதாகத் தெரியும், ஆனால் அதில் கணிசமான பங்கு இம்ப்ளான்ட் விற்றவருக்குப் போய்விடும்.

மிஞ்சியதை ஆபரேஷன் தியேட்டரில் ஆகும் நேரத்தால் வகுக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் தட்டுப்பாடு அந்த நேரத்துக்குத்தான். உதாரணமாக, ஒரு கேஸில் 90 ஆயிரம் ரூபாய் மிஞ்சுகிறது, நாலரை மணி நேரம் பிடிக்கிறது என்றால் மணிக்கு 20 ஆயிரம். இன்னொன்றில் 30 ஆயிரம்தான் மிச்சம், ஆனால் ஒரே மணி நேரத்தில் முடிகிறது என்றால் மணிக்கு 30 ஆயிரம். ஐ.சி.யூ. படுக்கைதான் தட்டுப்பாடு என்றால் படுக்கை நாளால் வகுங்கள். இதைப் பார்த்துவிட்டு நீளமான கேஸ்களை நிறுத்திவிடலாம் என்று யாராவது கிளம்பினால் தடுங்கள். எதை எந்த நாளில் போடுவது, விலை எப்படிப் பேசுவது என்பதற்குத்தான் இந்தக் கணக்கு.

மின்சாரம், நிர்வாகச் சம்பளம் போன்ற பொதுச் செலவுகளைத் துறைவாரியாகப் பங்கிட்டு வரும் லாப நஷ்டத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். பங்கிடும் முறையை மாற்றினாலே நஷ்டத்தில் இருந்த துறை லாபத்துக்கு வந்துவிடும். கூடுதலாக ஒரு நோயாளிகூட வந்திருக்க மாட்டார்.

அப்புறம் ஓ.டி. ரிஜிஸ்டர், அதாவது ஆபரேஷன் தியேட்டர் பதிவேடு. சம்மதப் படிவத்தில் கையெழுத்தில்லை, ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை, மயக்க மருந்து நிபுணர் ஐ.சி.யூ.வில் இருக்கிறார் என்று அன்றாடம் நடப்பதெல்லாம் அதில் நேரமாகப் பதிவாகியிருக்கும். 8 மணிக்கு என்று போட்ட முதல் கேஸ். நோயாளி உள்ளே வந்தது 8.25, கத்தி வைத்தது 9.20. முதல் கேஸ் தாமதம், ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் உள்ளே வரும் இடைவெளி, அன்றைக்கே ரத்தானவை, அதற்கான காரணம் என்று பிரித்து எழுதுங்கள். பணம் எங்கே ஒழுகுகிறது என்று பாதிக்கு மேல் தெரிந்துவிடும். தியேட்டர் நூறு சதவீதம் நிரம்பி ஓடுவதும் நல்லதல்ல, அவசர கேஸ் வந்தால் இடம் இருக்காது. 80 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சரி.

சிகிச்சையின் தரத்தைப் பார்க்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அறுத்த இடத்தில் தொற்று வருகிறதா என்று பொதுவாக 30 நாள், இம்ப்ளான்ட் வைத்த பல சிகிச்சைகளில் 90 நாள் பின்தொடர்வது வழக்கம். மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதன்பின் யாரும் விசாரிக்கவில்லை என்றால் தொற்று விகிதம் அழகாக பூஜ்ஜியம் காட்டும். எனக்கு அந்த பூஜ்ஜியத்தைப் பார்த்தால்தான் சந்தேகம். பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர், ஒவ்வொரு நோயாளியும் பின்னாளில் எப்படி இருக்கிறார் என்று தேடிப் பதிய வேண்டும் என்று நூறாண்டுக்கு முன்பே வலியுறுத்தினார். சக மருத்துவர்களிடம் நல்ல பெயர் வாங்கவில்லை.

திட்டமிடாமல் மறுபடி தியேட்டருக்குப் போனவர்கள், 30 நாளுக்குள் திரும்ப அட்மிட் ஆனவர்கள், இறந்தவர்கள் ஆகிய எண்ணிக்கைகளை நோயாளியின் உடல்நிலையோடு சேர்த்தே படியுங்கள். மயக்க மருந்துக் குறிப்பில் ஏ.எஸ்.ஏ. தரம் (ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் உடல்நிலை எப்படி என்று காட்டும் எண்) இருக்கும்: 1 என்றால் ஆரோக்கியமானவர், 4 என்றால் உயிருக்கே ஆபத்தான நோய் உள்ளவர். மற்றவர்கள் திருப்பி அனுப்பும் 4ஆம் தர நோயாளிகளை ஏற்கும் சர்ஜன்தான் வெறும் சதவீதத்தில் மோசமானவராகத் தெரிவார். அவர் ஆண்டுக்கு 40 கேஸ் செய்கிறார் என்றால் ஒரு மரணமே இரண்டரை சதவீதம். அதனால் தனி மருத்துவரை ஓராண்டுக் கணக்கை வைத்து வரிசைப்படுத்த வேண்டாம், குறைந்தது மூன்றாண்டைச் சேர்த்துப் பாருங்கள்.