மலாவி கிராமத்துக்கு அடிபம்பு: கேள்வி பதில்

கேள்வி: மலாவியில் ஒரு கிராமத்துக்கு போர்வெல் போட்டுத்தர நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டுகிறோம். முதலில் யாரைப் பார்க்க வேண்டும் சார்?

பதில்: போர் வண்டிக்காரரை அல்ல. ஊர்த்தலைவர், கிராம வளர்ச்சிக் குழு, அதற்கு மேலுள்ள வட்டாரக் குழு, கடைசியாக மாவட்ட கவுன்சிலின் தண்ணீர் அலுவலகம். எந்த ஊரில் எத்தனை பம்பு, எது ஓடவில்லை என்று அங்கே கேளுங்கள். 250 பேருக்கு ஒரு அடிபம்பு, அதுவும் 500 மீட்டர் நடைக்குள் என்பது அந்த நாட்டுக் கணக்கு. பல ஊர்களில் நின்றுபோன பம்பைச் சரிசெய்தாலே போதும். புதிதாகத் தோண்டுவதைவிடச் செலவு மிகக் குறைவு. ஒரே ஒரு போருக்காகத் தொண்டு நிறுவனம் பதிவு செய்து அலைய வேண்டாம். ஏற்கெனவே பதிவான உள்ளூர் அமைப்போடு சேருங்கள்.

கேள்வி: எந்த மாதம் தோண்டலாம்?

பதில்: செப்டம்பர், அக்டோபர். மழை நவம்பரில் பிடித்து ஏப்ரல் வரை இருக்கும். மழை முடிந்த கையோடு தோண்டினால் நீர்மட்டம் மேலே இருக்கும், சோதனையில் தேறிவிடும். அடுத்த அக்டோபரில் வெறும் காற்றுதான் வரும்.

கேள்வி: "தண்ணீர் வந்தால்தான் பணம்" என்று ஒப்பந்தம் போட்டால் பாதுகாப்புதானே?

பதில்: அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த ஒப்பந்தத்தில், முதல் ஈரம் கண்டதும் நிறுத்திவிட்டு "தண்ணீர் வந்துவிட்டது" என்று சொல்வதுதான் தோண்டுபவருக்கு லாபம். மீட்டர் கணக்கில் பேசுங்கள். வறண்ட போருக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள். அவரைச் சாராத மேற்பார்வையாளர் ஒருவர் வேலை முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். ஆழத்தை நாடா விட்டு அளப்பது, துளை சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப்பை எண்ணுவது, சுற்றிலும் சரளை இறங்குகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. மேலே சில மீட்டருக்கு சிமென்ட் அடைப்பும் அவர் கண்முன் நடக்கட்டும். அது இல்லையென்றால் மேல்மட்ட அழுக்கு கேசிங் ஓரமாகவே உள்ளே இறங்கும். கழிப்பறையிலிருந்து 30 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்.

மணல் இல்லாமல் தெளிந்து வரும்வரை கம்ப்ரெசர் ஓட்டிய பிறகே நீர்வரத்துச் சோதனை. நொடிக்கு 0.25 லிட்டர் நிலையாக வந்தால் மணிக்கு 900 லிட்டர். ஆளுக்கு 20 லிட்டர் வீதம் 250 பேருக்கு 5,000 லிட்டர்; சுமார் ஐந்தரை மணி நேரம் அடித்தால் கிடைத்துவிடும். ஆய்வகத்தில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா பாருங்கள். மலாவியின் தெற்கிலுள்ள கீழ் ஷிரே பள்ளத்தாக்கு என்றால் உப்பையும் பாருங்கள். உப்புக் கரித்தால் பெண்கள் மறுபடி ஆற்றுக்கே போவார்கள்.

கேள்வி: நம் ஊர் இந்தியா மார்க் டூ பம்பையே கொண்டுபோகலாமா?

பதில்: உறுதியான பம்புதான், ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் ஓடுகிறது. ஆனால் மலாவியில் வழக்கம் ஆஃப்ரிடெவ் என்ற அடிபம்பு; மெக்கானிக்குக்குப் பழக்கம், சாமானும் அதற்குத்தான் கிடைக்கும். இன்னொன்று, மார்க் டூவின் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அமிலத் தண்ணீரில் அரித்து, செந்நிறத் தண்ணீர் கொடுக்கும். ஆஃப்ரிடெவ்வுக்கு பிவிசி பைப். வாஷர் மாற்ற பைப்பைத் தூக்க வேண்டாம். கம்பியை மட்டும் உருவினால் பிஸ்டன் கையோடு வந்துவிடும். 45 மீட்டர் ஆழம்வரை தாங்கும்.

கேள்வி: இரண்டே வருடத்தில் நின்றுவிடுகிறதாமே?

பதில்: பெரும்பாலும் ஒரு ரப்பர் சீலும் கைப்பிடி சுழலும் இடத்திலுள்ள புஷ்ஷும் தேய்ந்ததால். வருடம் ஒருமுறை மாற்ற வேண்டிய மலிவுச் சாமான். வாங்க யாரிடமும் காசு இருக்காது. மாதச் சந்தா என்று எழுதிவைத்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வீட்டில் சோளம் தீர்ந்திருக்கும் நேரத்தில், யாரும் தரமாட்டார்கள். ஏப்ரல், மே அறுவடை முடிந்ததும் வருடத்துக்கும் சேர்த்து வசூலிக்கச் சொல்லுங்கள். பம்பைப் பார்த்துக்கொள்ளும் பத்துப் பேர் குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கட்டும், பணப்பெட்டிச் சாவி அவர்களில் ஒருவரிடம். பம்பு இறக்கும் நாளில் குழுவே கழற்றி மாட்டிப் பழக வேண்டும். பயிற்சிக்கு வர நீங்கள் படிக்காசு (நாள் படி) கொடுத்துப் பழக்கினால், பின்னால் ரிப்பேருக்குக் கூப்பிட்டாலும் படி கேட்பார்கள். பெரிய பழுதுக்கு அந்தப் பகுதி மெக்கானிக்கிடம் கூலியை முன்பே பேசி, ஊர்க் கூட்டத்தில் எல்லார் முன்னும் எழுதி வையுங்கள்.