லெனானா, மெக்கார்ட்னியா? இசைத்தட்டைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் கூடினால் எங்களுக்கு ராக் இசைதான் பேச்சு. பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'ரிவால்வர்' ஆல்பத்தை வைத்து, பாட்டு எழுதுவதில் அந்தக் குழுவின் லெனான் பெரியவரா மெக்கார்ட்னி பெரியவரா என்று ஆரம்பித்த விவாதம் மனஸ்தாபத்தில் முடிந்துவிட்டது. சண்டை வராமல் விவாதிக்க என்ன வழி?

பதில்: ஐந்து பேரும் கேட்டது ஒரே 'ரிவால்வர்'தானா? முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். 1966-ல் பிரிட்டனில் வந்த இசைத்தட்டில் 14 பாடல்கள். அமெரிக்காவில் வந்ததில் 11தான். விடுபட்ட மூன்றுமே ('ஐ ஆம் ஒன்லி ஸ்லீப்பிங்', 'அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்', 'டாக்டர் ராபர்ட்') லெனான் முன்னின்று பாடியவை. அமெரிக்கத் தட்டில் அவருக்கு மிஞ்சியது இரண்டே பாட்டு. அதை மட்டும் கேட்டு வளர்ந்தவருக்கு மெக்கார்ட்னி ஓங்கித் தெரிவது இயல்பு. 1987-ல் சி.டி.யாக வந்தது பிரிட்டன் வரிசை. அதையே பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, உறையில் உள்ள பெயர். யார் எழுதினாலும் இருவர் பெயரையும் போடுவது அவர்களுடைய ஏற்பாடு. 'யெஸ்டர்டே' மெக்கார்ட்னி தனியாக எழுதியது. உறையில் லெனான் பெயரும் இருக்கும். அதில் வரும் நான்கு தந்தி வாத்தியங்களுக்கான அமைப்பு தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் பங்கு. எழுதியவர் வரிசையில் அவர் பெயர் கிடையாது. பெயர் பிற்பாடு மாறுவதும் உண்டு. பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் 1973 ஆல்பத்தில் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' ரிச்சர்ட் ரைட் பெயரில் மட்டும் வந்தது. அதில் சொற்களே இல்லாமல் குரலால் உருகிய கிளேர் டோரி வழக்குப் போட்டு, 2005-ல் சமரசமான பிறகே அவர் பெயரும் சேர்ந்தது. எவ்வளவு தாமதமான நியாயம்! ஆகவே 'நல்ல பாட்டு', 'நல்ல ஒலிப்பதிவு' என்று கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

கேட்கும் முறையும் முக்கியம். சற்றே சத்தமாக ஒலிப்பது காதுக்கு மேலானதாகப் படும். பழைய பதிவைச் சீர்செய்து மறுபடி வெளியிடும் புதிய ரீமாஸ்டர்கள் பல அப்படித்தான் சத்தம் ஏற்றப்பட்டவை. ஒப்பிடும் இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகு கேளுங்கள். மோனோவா (எல்லா ஒலியும் ஒன்றாக வருவது) ஸ்டீரியோவா (இடம் வலமாகப் பிரிந்து வருவது) என்றும் சொல்லிக்கொள்ளுங்கள். 1967-ன் 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பத்தில் 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' மோனோவில் வேகமாக ஓடும், சுருதியும் உயரும். ஸ்டீரியோ கேட்டவர் "இழுக்கிறது" என்பார். மோனோ கேட்டவருக்கு அது புரியவே புரியாது.

ஒரு சந்திப்புக்கு எல்.பி. எனும் பெரிய இசைத்தட்டின் ஒரு பக்கம், ஏறக்குறைய 20 நிமிடம், போதும். ஓடும்போது யாரும் பேச வேண்டாம். அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தவர் கடைசியில் பேசட்டும். முதலில் பேசினால் மற்றவர்கள் பாட்டை விட்டுவிட்டு அவருக்கே பதில் சொல்லத் தொடங்குவார்கள். பாராட்டோ குறையோ, பாட்டில் எந்த இடம் என்று காட்டியே சொல்ல வேண்டும்.

தலைசிறந்த பத்து என்று பட்டியல் போடாதீர்கள். எண்ணைக் காப்பாற்றுவதிலேயே பேச்சு போய்விடும். "இந்தப் பக்கத்தில் எந்தப் பாட்டை எடுத்தால் ஆல்பம் சரியும்?" என்று கேளுங்கள். லெனான் கட்சிக்காரர் மெக்கார்ட்னி பாட்டுக்காக வாதாடுவதை அன்றைக்கே கேட்பீர்கள்.